சி.எஸ். சேஷாத்ரி யார்? தி.நகரில் கணிதத்துக்காகத் தனிப் பள்ளி தொடங்கியது ஏன்?

தி.நகர் ஜி.என். செட்டி சாலை என்றதும் நமக்கு டிராஃபிக்தான் ஞாபகம் வரும். ஆனால் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகம், அதாவது சி.எம்.ஐ., தொடங்கியது இந்தச் சாலையில்தான். தொடங்கியவர் சி.எஸ். சேஷாத்ரி.

1932-ம் ஆண்டு காஞ்சிபுரத்தில் பிறந்தவர். தேதி பிப்ரவரி 29, நாலு வருஷத்துக்கு ஒரு முறைதான் பிறந்தநாள்! செங்கல்பட்டில் வளர்ந்து, லயோலா கல்லூரியில் கணிதம் படித்தார். பாரிஸில் நடக்கும் புதுக் கணிதத்தை மாணவர்களுக்குக் காட்டியவர் அங்கிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ரசீன். 1953-ல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். லயோலாவில் படித்த எம்.எஸ். நரசிம்மனும் அதே ஆண்டு அங்கு போனார்.

இருவரும் சேர்ந்து 1965-ல் வெளியிட்டதுதான் 'நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம்'. அது என்ன சொல்கிறது? ஓட்டை உள்ள மெதுவடை போன்ற ஒரு பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மீது இயற்கணித முறையில் அமைக்கும் சில வடிவங்களும், ஓட்டைகளைச் சுற்றிவரும் பாதைகளிலிருந்து கிடைக்கும் கணக்கும் உண்மையில் ஒன்றுதான் என்கிறது. வெவ்வேறு துறை என்று நினைத்த இரண்டுக்கும் நடுவே போட்ட பாலம் இது. இயற்பியலுக்கும் பின்னாளில் கை கொடுத்தது. நரசிம்மன் பிறகு இத்தாலியின் ட்ரைஸ்டே நகரில் உள்ள சர்வதேச மையத்தில் கணிதப் பிரிவுக்குத் தலைமை வகித்தார்.

சேஷாத்ரியோ 1984-ல் சென்னைக்கே திரும்பி, அடையாறை ஒட்டிய தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். பெயர், பதவி எல்லாம் இருந்தது. 1988-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் கௌரவமும் கிடைத்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அவரை ஒரு விஷயம் உறுத்தியது. நம்ம ஊரில் ஆராய்ச்சி செய்பவர்கள் ஒரு பக்கம், பட்டப்படிப்புக்குப் பாடம் எடுப்பவர்கள் இன்னொரு பக்கம். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு ஒரு நிஜ கணித ஆய்வாளர் கண்ணில் படுவதே அபூர்வம்.

1989-ல், 57 வயதில், ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பள்ளியைத் தொடங்கினார். 1998-ல் பி.எஸ்சி. வகுப்பும் வந்தது. ஆனால் சொந்தமாகப் பட்டம் தரும் உரிமை இல்லை. மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகத்தான் பட்டம் தரப்பட்டது. ஐஐடி, இன்ஜினியரிங் என்று ஊரே ஓடிய காலத்தில், இதை நம்பிப் பிள்ளையைச் சேர்த்த பெற்றோரின் துணிச்சலையும் பாராட்டத்தான் வேண்டும்.

2005-ல் சிறுசேரி வளாகம், 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து, 2009-ல் சேஷாத்ரிக்கு பத்ம பூஷண். கர்நாடக சங்கீதமும் முறையாகப் பாடத் தெரிந்தவர் அவர். 2020 ஜூலை 17-ல் சென்னையில் காலமானார். நரசிம்மன் அடுத்த ஆண்டு மே மாதம் மறைந்தார்.