வயது போதவில்லை, போய்விட்டு வா!



வயது வரம்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அரசு வேலை விண்ணப்பம்தான். ஒரு நாள் கூடிப்போனாலும் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆனால் "உனக்கு வயது போதவில்லை, முதிர்ந்த பிறகு வா" என்று திருப்பி அனுப்பும் போட்டியும் உலகில் உண்டு. பெரியவர்களுக்கான ஃபிகர் ஸ்கேட்டிங், அதாவது இசைக்கேற்பப் பனித்தரையில் சுழன்றாடும் ஆட்டம். வெயிலில் காயும் நமக்கு இது எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பாடத்தை முடித்துவிட்டுச் சொல்கிறேன்.

இந்த ஆட்டம் முதலில் பெரியவர்களுடையதாகத்தான் இருந்தது. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் 1892-ல் தொடங்கியது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சுவீடனின் உல்ரிக் சால்கோவுக்கு வயது 31. 1920 ஆண்ட்வெர்ப்பில் வெண்கலம் வென்ற நார்வேயின் மார்ட்டின் ஸ்டிக்ஸ்ருட்டுக்கு 44. 1932 லேக் பிளாசிடில் அமெரிக்காவின் ஜோசப் சாவேஜ் 52 வயதில் ஜோடிப் போட்டியில் இறங்கினார்.

எப்படி முடிந்தது? அன்று மதிப்பெண்ணில் பெரும்பங்கு, காலணிக் கத்தியின் விளிம்பால் எட்டு போன்ற வடிவங்களைப் பனியில் பிசகாமல் கீறுவதற்கே கிடைத்தது. அதற்குத் தேவை பல ஆண்டுப் பொறுமை. காலப்போக்கில் அதன் பங்கு குறைந்து, 1990-க்குப் பிறகு அந்தப் பகுதியே நீக்கப்பட்டது. தாவலுக்கு மதிப்பு கூடியது. காற்றில் வேகமாகச் சுழல மெலிந்த சிறு உடல் வசதி. 1998 நகானோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற டாரா லிபின்ஸ்கிக்கு வயது 15. இருபதைத் தாண்டினாலே "வயதாகிவிட்டது" என்னும் பேச்சு வந்தது.

அதற்குள் பெரியவர்களும் தங்களுக்கென்று இடம் தேடிக்கொண்டார்கள். அமெரிக்காவின் முதல் பெரியவர்கள் தேசியப் போட்டி 1995-ல் டெலாவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் நடந்தது. இன்று அதில் சேரக் குறைந்தது 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2005-ல் ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டார்ஃப் என்னும் மலையூரில் சர்வதேசப் போட்டி தொடங்கியது. அங்கே போட்ட வரம்பு 28. அதற்கு மேல் ஏறக்குறையப் பத்துப் பத்து ஆண்டாக வயதுப் பிரிவுகள்.

ஏன் இந்த வரம்பு? ஐந்து வயதிலிருந்து பயிற்சி பெற்ற இருபது வயதுக்காரரையும், நாற்பதில் முதன்முதலாகக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் அது போட்டியா? வயது மட்டும் போதாது என்பதால் வெண்கலம், வெள்ளி, தங்கம், மாஸ்டர்ஸ் எனத் திறமை வாரியாகவும் பிரித்தார்கள். நம் பள்ளி விளையாட்டு விழாவில் ஆறாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் சேர்த்து ஓடவிடுவோமா? அதே நியாயம்தான்.

பிறகு மேல்மட்டப் போட்டிகளும் யோசித்தன. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயது ரஷ்யச் சிறுமி ஊக்கமருந்து வழக்கில் சிக்கி உலகமே பார்க்கக் கலங்கி நின்றாள். அந்த ஆண்டே குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 17-க்கு உயர்த்தச் சங்கம் முடிவெடுத்தது. 2024-ல் மான்ட்ரியலில், கனடாவுக்காக ஜோடிப் பிரிவில் உலகப் பட்டம் வென்ற டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக்குக்கு வயது 40! பதினேழு வயதில் காயங்களால் விலகி, 16 ஆண்டு கழித்துத் திரும்பி வந்தவர்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். வெளிநாட்டில் வாழும் என் மாணவி ஒருத்தி 46 வயதில் இதைக் கற்கத் தொடங்கியிருக்கிறாள். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று வீட்டில் சிரிக்கிறார்களாம். பேரன் பேத்தி எடுத்தவர்கள் கோலம் போட்டால் சிரிப்பதில்லை, கச்சேரிக்குப் போனால் சிரிப்பதில்லை. கால் தடுக்கி விழக்கூடிய ஒன்றைப் புதிதாகக் கற்றால் மட்டும் ஏன் சிரிக்கிறோம்?

வரலாறு காட்டுவது இதுதான்: வயது வரம்பு இயற்கை போட்டதல்ல, மனிதர்கள் போட்டது, மனிதர்களே மாற்றியது. வீட்டுக்குள் நாம் போட்டுவைத்த வரம்புகளையும் கொஞ்சம் தளர்த்தலாமே.

நாற்பதுக்கு மேல் புதிதாக எதையாவது கற்பவர்கள் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.