‘அப்ரூவ்’: ஒரு வினைச்சொல்லும் பாறசாலை எல்லையும்

ஆங்கிலத்தில் ‘அப்ரூவ்’ என்னும் வினைக்கு இரண்டு நடைகள் உண்டு. நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கும்போது அது பெரும்பாலும் அதிகாரத்தின் செயல்: அமைச்சரவை ஒரு திட்டத்தை அப்ரூவ் செய்கிறது. பின்னால் ‘ஆஃப்’ சேர்ந்தால் அது மனத்தின் நிலை: ஒருவர் ஒன்றை நல்லதென்று கருதுகிறார். முன்னதற்குக் கையெழுத்துப் போதும். பின்னதற்குக் கையெழுத்தே தேவையில்லை. தமிழ் இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களால் பிரித்துக்கொள்கிறது. ‘ஒப்புதல் அளித்தல்’ அலுவலகத்துக்கு உரியது. ‘உடன்படுதல்’, ‘மெச்சுதல்’ ஆகியவை மனத்துக்கு உரியவை. 1950களில் தென் திருவிதாங்கூரில் நடந்தவற்றை இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு வாசித்தால், எல்லை வரலாற்றின் ஒரு முடிச்சு தெளிவாகத் தெரியும்.

திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்ப் பகுதிகளாகக் கோரிய வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. பாறசாலை அவ்வட்டத்தின் தென்கோடியில், விளவங்கோடு வட்டத்தை ஒட்டி இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை. அதே கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியா, அவரைப் பதவி விலகும்படி கோரினார், தாணுப்பிள்ளை விலகவில்லை. அரசு என்ற நிலையில் ஏற்கப்பட்ட ஒன்றை, கட்சியின் மனச்சான்று ஏற்க மறுத்தது. ‘அப்ரூவ்’ வினையின் இரு நடைகளும் ஒரே கட்சிக்குள் மோதிக்கொண்ட தருணம் அது.

1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை அளித்தது. ஃபசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவர் கையொப்பமிட்ட அந்த அறிக்கை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து வட்டங்களைச் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. நெய்யாற்றின்கரை அப்பட்டியலில் இல்லை. வட்டமே அலகாகக் கொள்ளப்பட்டதால் விளவங்கோட்டின் பழைய நிர்வாகக் கோடு மாநில எல்லையாக மாறிற்று. களியக்காவிளை ஒருபுறம், பாறசாலை மறுபுறம்.

இதற்கு யாருடைய ஒப்புதல் தேவைப்பட்டது? அரசியலமைப்பின் 3ஆம் உறுப்பு தேர்ந்தெடுத்த சொல் கவனத்துக்குரியது. அது மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதலைக் கேட்கவில்லை. ‘கருத்து’களை மட்டுமே கேட்கிறது. 1955இல் வந்த ஐந்தாவது திருத்தம் அந்தக் கருத்தைச் சொல்லவும் கால வரம்பு விதிக்க வழி செய்தது. 1959இல் பாபுலால் பராட்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம் அக்கருத்துகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்று உறுதிப்படுத்தியது. திருவிதாங்கூர்-கொச்சியில் நிலைமை இன்னும் விசித்திரமானது. 1956 மார்ச் 23 முதல் அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி. மறுசீரமைப்பு மசோதா ஏப்ரலில் மக்களவைக்கு வந்தபோது, கருத்துச் சொல்ல அங்கே சட்டமன்றமே இல்லை. ஆணையம் பரிந்துரைத்தது, நாடாளுமன்றம் நிறைவேற்றியது, ஆகஸ்ட் 31 அன்று குடியரசுத் தலைவர் இசைவளித்தார், நவம்பர் 1 அன்று எல்லை நடைமுறைக்கு வந்தது. இத்தனை வினைகளின் எழுவாய்களில் எல்லைக் கிராமத்தார் எங்கும் இல்லை. அவர்களுள் மலையாளம் பேசியோர் அதை வரவேற்றிருக்கலாம், தமிழ் பேசியோர் வருந்தியிருக்கலாம். இரண்டுமே ‘ஆஃப்’ சேர்ந்த ஒப்புதலின் களம், சட்டத்துக்கு அது புலப்படாது.

கோடு விழுந்தபின் சொற்களும் பிரிந்தன. களியக்காவிளையில் ஒரு சாலைப் பணிக்கு ‘நிர்வாக ஒப்புதல்’ கிடைத்தால், பாறசாலையில் அதே வகைப் பணிக்குப் ‘பரணானுமதி’ கிடைக்கும். குற்ற வழக்கில் மன்னிப்புப் பெற்றுச் சாட்சி சொல்பவரைத் தமிழ் நாளிதழ்கள் இன்றும் ‘அப்ரூவர்’ என்கின்றன. மலையாள நாளிதழ்கள் ‘மாப்புசாட்சி’ என்கின்றன. (இந்த அப்ரூவர் எதையும் மெச்சுபவர் அல்லர், தம் கூட்டாளிகளின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியவர். ‘அப்ரூவ்’ என்பதற்கு ‘மெய்ப்பி’ என்னும் பழம்பொருள் இருந்ததன் எச்சம் அது.)

மிகுதியாகக் குழப்புவது ‘அங்கீகாரம்’. தமிழில் பள்ளிக்கு அங்கீகாரம் என்றால் அது முறையான பள்ளியென்று அரசு அறிவது. மலையாள அலுவலக மொழியிலோ ‘அங்கீகரிக்குக’ என்பது நேரடியாக ‘அப்ரூவ்’. ஆசிரியரின் பணி நியமனத்துக்குக் கிடைக்கும் ஒப்புதல் ‘நியமனாங்கீகாரம்’. ‘சம்மதம்’ இரு மொழிக்கும் பொது. ஆனால் ஒருவரின் திறமையை வியக்கும்போது ‘சம்மதிச்சு!’ என்று மலையாளி சொல்வதுபோல் தமிழில் ‘சம்மதித்தேன்’ என்று பாராட்டும் வழக்கு இல்லை.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுத் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் எழுதலாம் என்கிறது. பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும். உள்ளூர் அலுவலகங்களைப் பொறுத்தவரை, சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே இவ்வுரிமை. ‘அங்கீகரிச்சிரிக்குந்நு’ என்று முடியும் ஓர் ஆணையைத் தமிழில் எழுத முற்படும் எழுத்தர், ‘அங்கீகரிக்கப்பட்டுள்ளது’ என்று எளிதாக எழுதிவிடலாம். அப்போது விண்ணப்பித்தவருக்குக் கிடைத்தது ஒப்புதலா, வெறும் அறிந்தேற்பா என்பதை மூல ஆணையைப் பார்த்தே அறிய வேண்டியிருக்கும்.