முலாம்பழமும் சோதனைக்குழாயும்: இழைய வளர்ப்பின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

விஞ்ஞானத்தின் வரலாற்றைத் தனிமனித மேதைமையின் கதையாகக் கூறும் வழக்கு நம்மிடையே இன்னும் நீங்கியபாடில்லை. தாவர இழைய வளர்ப்பின் வரலாறு அவ்வழக்கை மறுதலிப்பதாகும்.

தனித்த ஒரு கலத்திலிருந்து முழுத்தாவரமும் உருவாதல் கொள்கையளவிற் சாத்தியம் என்ற கருத்தை, ஒஸ்திரியத் தாவரவியலாளர் ஹாபர்லாண்ட் 1902 இல் முன்வைத்தார். அவர் வளர்த்த இலைக்கலங்கள் உயிர்வாழ்ந்தன, பருத்தன, ஆயின் பிரியவில்லை. கருத்துத் தவறன்று, அதனை மெய்ப்பிக்கும் பொருளாயத நிலைமைகளே தோன்றியிருக்கவில்லை. வளர்ச்சி ஓமோன்கள் பற்றிய அறிவு பெருகிய பின்னர், 1939 இல் பிரான்சிற் கோத்தரேயும் நோபேகூரும் அமெரிக்காவில் வைற்றும், ஒருவரையொருவர் சாராமலே, இழையத்தை இடையறாது வளர்ப்பதில் வெற்றிகண்டமை தற்செயலன்று.

1941 இல் வான் ஓவர்பீக் ஊமத்தை முளையங்களை வளர்த்ததும், 1958 இல் ஸ்ரூவார்ட் கரற் கலங்களிலிருந்து முளையங்களையொத்த அமைப்புக்களைப் பெற்றதும் இளநீரின் துணைகொண்டேயாம். (ஆய்வுரைகள் அதனைத் ‘தேங்காய்ப்பால்’ எனக் குறிப்பது நம்மவரைச் சற்றே மயக்கும்.) ஒட்சின், சைற்றோகைனின் ஆகியவற்றின் விகிதமே வேரா, தண்டா என்பதைத் தீர்மானிக்கின்றதென ஸ்கூக்கும் மில்லரும் 1957 இற் காட்டினர். புகையிலை இழையத்துக்கென 1962 இல் முராசிகியும் ஸ்கூக்கும் வகுத்த ஊடகம் பின்னர் பிற பயிர்களுக்கும் பொதுவாயிற்று.

1980களில் முலாம்பழ ஆய்வாளர் கையாண்டதும் இப்பொதுச்சொத்தையே. நுண்ணங்கி நீக்கிய விதையின் வித்திலைத் துண்டுகளை ஏகார் ஊடகத்திலிட்டு அரும்புகளைப் பெற்றனர். ஆயினும் ஓரினத்துக்கு உகந்த முறை மற்றோரினத்துக்கு உதவவில்லை. மீட்டெடுத்த செடிகள் பலவற்றில் நிறமூர்த்தங்கள் இரட்டித்திருந்தன. 1990 இல் இம்முறையின் வழியே பிறிதோர் உயிரின் பரம்பரையலகும் முலாம்பழத்திற் புகுத்தப்பட்டது.

பயிரின் இயல்பே வணிகப்பெறுமதி பெறும் இக்காலத்தில் உடைமை பற்றிய வினா கூர்மையடைதல் இயல்பே. இந்தியாவிலிருந்து பெறப்பட்ட ஒரு முலாம்பழத்தின் வைரசு எதிர்ப்பியல்பைக் கொண்ட செடிகளுக்கு 2011 இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் மொன்சான்ரோவுக்குக் காப்புரிமை வழங்கியது. அச்செடிகள் சோதனைக்குழாயின் விளைவல்ல, மரபுவழிக் கலப்பின் விளைவே என்பது மனங்கொள்ளத்தக்கது. எதிர்ப்புக்களின் பின் 2016 இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. நீக்கத்துக்குக் காட்டப்பட்ட காரணமோ உழவர் உரிமையன்று; விவரணம் போதாமையே.