கம்ப்யூட்டருக்கும் உண்டு குடிமராமத்து

நம் கல்லூரி லேபில் படித்த என் வகுப்புத் தோழர்கள் அந்த மணல் கடிகாரத்தை மறந்திருக்க மாட்டார்கள். சுவிட்சைப் போட்டுவிட்டு கேண்டீனில் டீ குடித்துத் திரும்பினாலும், திரையில் அது அப்படியேதான் நிற்கும். "அண்ணாச்சி, இதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்லுங்க" என்போம். லேபைக் கவனித்த அண்ணாச்சி சிரிப்பார். "வாய்க்கால்ல தண்ணி மெதுவா வந்தா வாய்க்காலையால மாத்துவ? தூர் வாருடே!"

விளையாட்டாகச் சொன்னாலும் அதில் ஒரு வரலாறு இருக்கிறது. தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம் மட்டுமே ஆங்கிலேயர் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. கன்னடியன் கால்வாயும் கோடகன் கால்வாயும் இன்றும் வயலுக்குத் தண்ணீர் தருகின்றன என்றால், கட்டியவர்கள் மட்டும் காரணமல்ல. தலைமுறை தலைமுறையாக வண்டல் அள்ளிய குடிமராமத்தும்தான் காரணம்.

நம் நாட்டுக் கம்ப்யூட்டர் வரலாறும் இப்படித்தான். ஐ.பி.எம். 1401 என்ற இயந்திரம் 1959-ல் அறிமுகமானது. உலகம் அடுத்த தலைமுறைக்குப் போன பிறகும் இந்திய அலுவலகங்களில் அதுதான் வாடகைக்கு ஓடியது. அதன் நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்துக்கள். இந்த மலரில் சில பக்கங்கள் கொள்ளும், அவ்வளவுதான்! அந்தக் கால இயந்திரங்களில் பெரிய புரோகிராமைத் துண்டு துண்டாக வெட்டி, வேண்டிய துண்டை மட்டும் நினைவகத்துக்குள் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றது 1973-ன் அந்நியச் செலாவணிச் சட்டம். ஐ.பி.எம். அதற்கு இசையாமல் 1978-ல் வெளியேறியது. விட்டுப்போன இயந்திரங்களை யார் பார்ப்பது? 1975-ல் அரசு தொடங்கியிருந்த சி.எம்.சி. அந்தப் பொறுப்பை ஏற்றது. கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்பது அதன் விரிவு. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், மராமத்துக் கழகம்!

பிறகு பி.சி. காலம். 486 பெட்டிகளில் 'டர்போ' என்றொரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் புதுவேகம் பிறக்கும் என்று நம்பினவர் பலர். உண்மையில், பழைய விளையாட்டுகள் தறிகெட்டு ஓடாதபடி இயந்திரத்தை மெதுவாக்கத்தான் அது வைக்கப்பட்டது. வேகத்துக்கு மந்திரப் பொத்தான் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

என் கதைக்கு வருகிறேன். 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். சில வருஷங்களில் அது தள்ளாட ஆரம்பித்தது. 'சவத்த வித்துத் தொலை' என்றார்கள். மனசு வரவில்லை.

திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. சிப்புக்கு வயதாகி வேகம் குறையவில்லை, சுமைதான் கூடியிருந்தது. முதலில் கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்தேன். ஆன் செய்ததும் தானாக எழும் புரோகிராம்களை நிறுத்தினேன். மின்விசிறித் தூசியைத் துடைத்தேன். சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நினைவகத்தை 2 ஜி.பி.யிலிருந்து 4 ஆக்கினேன். நினைவகம் மேசை மாதிரி, டிஸ்க் தூரத்து அலமாரி மாதிரி. மேசை சின்னதென்றால் நாள் பூரா அலமாரிக்கு நடக்க வேண்டியதுதான்.

கடைசியாக, சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டேன். ஹார்டு டிஸ்க்கின் முள் ஒரு தகவலைத் தேடிப்போக நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். எஸ்.எஸ்.டி.க்கு முள்ளும் இல்லை, சுழற்சியும் இல்லை. அதில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். மேலே இலேசான லினக்ஸ் ஒன்றை ஏற்றினேன். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-லேயே வந்துவிட்டதே, நமக்கு லினக்ஸ் ஒன்றும் அந்நியமல்ல. இப்போது அந்த மடிக்கணினியில் அக்கா மகள் படிக்கிறாள்.

எல்லாப் பெட்டியும் இப்படிப் பிழைக்கும் என்று சொல்லமாட்டேன். பெரிய வீடியோ வேலைக்கோ கனமான டிசைன் வேலைக்கோ பழசு ஆகாது. ஆனால் எழுத, படிக்க, புரோகிராம் கற்கத் தாராளமாகப் போதும்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத நல்ல பெட்டிகள் நம் வீட்டுப் பரண்களில் எத்தனை கிடக்கின்றனவோ! பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன், தகவல்களை முழுசாக அழித்துவிட்டுக் கல்லூரிக்குக் கொண்டு வாருங்கள் என்று மூத்தோரைக் கேட்டுக்கொள்கிறேன். தம்பி தங்கைகளே, நீங்கள் ஸ்க்ரூ டிரைவரோடு வாருங்கள். ஒன்றைத் திறந்து சரிசெய்தால் புத்தகத்தில் படித்த பாடம் கைக்கு வரும். கம்ப்யூட்டர் இல்லாத ஒரு வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டரும் போய்ச் சேரும்.

தூர் வாருவோம், வாருங்கள்.