நீலம் காட்டாத இரும்பு: நரம்பணுச் சிதைவு ஆய்வில் ஒரு வரலாற்று நோக்கு

பயன்படுத்தாத அறிவை ‘மூளை துருப்பிடித்துவிட்டது’ என்று கூறுவது தமிழ்ப் பேச்சுவழக்கு. மூளையில் இரும்பு மிகுந்து நரம்பணுக்கள் அழிவதை விளக்க முற்படுவோர்க்கு இத்தொடர் எளிதில் கைகொடுக்கும். ஆயின் வேதியியல் நோக்கில் இவ்வுவமை உண்மையைத் தலைகீழாக்குகிறது. துருவை ஒத்த நிலையில் உள்ள இரும்பே மூளைக்குப் பெரிதும் தீங்கற்றது. இதனை ஆய்வுலகம் ஏன் காலந்தாழ்த்தி உணர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1867இல் மேக்ஸ் பெர்ல்ஸ் ஒரு சாயமுறையை வெளியிட்டார். பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இட்ட திசுவில் இரும்பு உள்ள இடம் நீலமாகும். இரும்பை நிறமாக்கிக் காட்டும் முறைகளைக் கொண்டு, நலமான மூளையிலும் சில பகுதிகளில் இரும்பு செறிந்திருப்பதை 1922இல் ஹூகோ ஸ்பாட்ஸ் விளக்கினார். அவ்வாண்டிலேயே ஹாலர்வோர்டனுடன் இணைந்து அவர் விவரித்த குடும்பவழி நோய் இருவர் பெயராலும் வழங்கியது. நாசி ஆட்சியில் கொல்லப்பட்டோரின் மூளைகளை ஹாலர்வோர்டன் ஆய்வுக்குப் பெற்றமையால் அப்பெயர் பின்னர்க் கைவிடப்பட்டது. கைவிட்டது முறையே.

1924இல் லெர்மித்தும் உடனாய்ந்தோரும் பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் இரும்பு மிகுந்திருந்ததைப் பதிவு செய்தனர். இரும்பே குற்றவாளி என்று கொள்வதற்கு 1958ஆம் ஆண்டு ஆய்வு தடையாயிற்று. ஹால்கிரனும் சூராண்டரும் நலமானோர் மூளைகளை அளந்தபோது, குளோபஸ் பாலிடஸ் பகுதியில் 100 கிராம் திசுவுக்கு ஏறத்தாழ 21 மில்லிகிராம் இரும்பு இருந்தது. வயதோடு ஏறும் இவ்விரும்பைச் சுமந்தே பலர் நோயின்றி வாழ்ந்து முடிகின்றனர்.

இங்குச் சாயத்தின் எல்லையை நோக்குதல் வேண்டும். பெர்ல்ஸ் முறை நீலமாக்குவது மூவிணைதிற இரும்பையே. அதில் பெரும்பகுதி ஃபெரிட்டின் என்னும் புரதக் கூட்டினுள் துருவை ஒத்த கனிமமாக அடைபட்டது. சிதைவைத் தூண்டுவதோ ஈரிணைதிற இரும்பு. அது ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிவதை 1894இலேயே ஃபென்டன் காட்டியிருந்தார். அவ்வினையில் பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பு செல்சவ்வின் கொழுப்பைத் தாக்குகிறது. ஆக, அறிஞர்கள் நுண்ணோக்கியில் கண்டது பூட்டி வைக்கப்பட்ட இரும்பு; தீங்கு செய்தது சாயத்திற்கு அகப்படாத இரும்பு.

அவ்விரும்பு எவ்வாறு விடுபடுகிறது? இவ்விடத்தில் அழற்சி வரலாற்றுள் நுழைகிறது. 1988இல் மெக்கீர் குழுவினர், பார்க்கின்சன் நோயாளிகளின் நடுமூளைக் கரும்பொருட் பகுதியில் தூண்டப்பட்ட மைக்ரோகிளியா செல்கள் திரண்டிருப்பதைக் கண்டனர். இச்செல்கள் வெளியிடும் சூப்பராக்சைடு ஃபெரிட்டினிலிருந்து இரும்பை விடுவிக்கவல்லது. அழற்சிச் சைகைகள் செல்களை மேலும் இரும்பைத் தேக்கச் செய்கின்றன. சிதையும் நரம்பணு மீண்டும் மைக்ரோகிளியாவைத் தூண்டுகிறது. இவ்வழற்சி எளிதில் ஓய்வதில்லை. எம்பிடிபி என்னும் நச்சுக்கு ஆளான மூவரின் மூளைகளை ஆராய்ந்து 1999இல் லாங்ஸ்டன் குழு வெளியிட்ட கட்டுரை, நச்சேறி 3 முதல் 16 ஆண்டுகள் கழிந்தும் மைக்ரோகிளியா தூண்டப்பட்டிருந்ததைக் காட்டியது. இரும்பைச் சார்ந்த செல்லிறப்புக்கு ‘ஃபெரோப்டோசிஸ்’ என்னும் தனிப்பெயர் 2012இல்தான் கிடைத்தது.

இரும்பை அகற்றினால் நோய் தணியுமா என்பதே நோயாளிக்குரிய வினா. தலசீமியா நோயாளிகளின் மிகை இரும்பை நீக்கும் டிஃபெரிப்ரோன், லெவோடோபா மருந்தை அதுவரை உட்கொள்ளாத 372 புதிய பார்க்கின்சன் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2022இல் முடிவு வெளிவந்தது. மருந்து பெற்றோரின் மூளையில் இரும்பு குறைந்தது. ஆனால் 36 வாரங்களில் அவர்தம் நோய்க்குறிகள் வெற்று மாத்திரை பெற்றோரினும் மோசமாயின. டோபமின் ஆக்கத்திற்கு இன்றியமையாத டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதியும் இரும்பைக் கொண்டே இயங்குகிறது. டோபமின் குன்றிய மூளையில் அவ்விரும்பும் குறைந்திருக்கக்கூடும் என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களுள் ஒன்று.