பத்மாவதி பந்தோபாத்யாய்
இந்திய விமானப்படையின் முதல் பெண் ஏர் மார்ஷல். வான்வெளி மருத்துவ வல்லுநர். 1944இல் திருப்பதியில் பிறந்து, 1968இல் படையில் சேர்ந்தார். 1971 போர்க்காலப் பணிக்காக விசிஷ்ட சேவா பதக்கம் பெற்றார். இவரது துறையைப் போருக்கு மட்டுமே உரியதாகக் கருதுவது பிழை. அது தொழில்நல மருத்துவத்தின் கிளையே. பிற மருத்துவர்கள் பெரும்பாலும் நோயுற்ற உடலைப் பார்க்கிறார்கள், இத்துறையினரோ நலமான உடலை இயல்புமீறிய சூழலிலிருந்து காக்கிறார்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறைந்தால் விமானியின் நிதானம் அவர் அறியாமலே தடுமாறும். நூற்றாண்டு கடந்த சர்க்கரை ஆலையுள்ள நெல்லிக்குப்பத்துக்கும் தொழில்நல மருத்துவம் அந்நியமன்று: பூஞ்சை படிந்த கரும்புச் சக்கைத் தூசி நுரையீரலில் அழற்சியை உண்டாக்கக்கூடியது. இரண்டிலும் மருந்துக்கு முன்பு சூழலைத் திருத்த வேண்டும். விமானி கடும் உடற்தகுதித் தேர்வில் தேறியவர், ஆலைத் தொழிலாளி அப்படியல்லவே என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் அத்தகைய தேர்வில்லாத இடத்தில்தான் காற்றோட்டமும் முகக்கவசமும் முறையான நுரையீரல் பரிசோதனையும் இன்னும் அவசியமாகின்றன.