தலைவரைத் தெரிந்து தெளிந்த தொழிலாளர்

ஒரு நிறுவனத்தில் பணம் போடுவோர் அதன் கணக்கேட்டைப் புரட்டுவதற்கு முன்னே அதன் தலைவரை நோக்குகின்றனர். அவர் எக்குடியிற் பிறந்தவர்? என்ன கற்றவர்? ஊருக்கு என்ன கொடுத்தவர்? எடுத்த வினையை முடித்தவரா? பங்கு வாணிபம் தோன்றிய நாள் தொட்டு இக்கேள்விகள் எழுந்து வருகின்றன. 1910ஆம் ஆண்டில் ரப்பர் விலை உச்சத்தை எட்டியபோது, மலாயாத் தோட்டக் கம்பெனிகளின் பங்குகளை இலண்டனில் முண்டியடித்து வாங்கியவர்களிற் பலர் மலாயாவைக் கண்ணாற் கண்டவர் அல்லர். இயக்குநர் பெயர்களை நம்பியே அவர்கள் பணம் போட்டனர். அரை நூற்றாண்டு கழிந்தபின், அத்தகைய தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளரே முதலிடுவோராகி, தலைவர் ஒருவரை எடைபோட வேண்டிய நிலை வந்தது. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வரலாறு அதுவேயாகும்.

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் உள்ள தெலுக் பங்லிமா காராங் இவ்வரலாற்றை எண்ணிப்பார்க்கத் தக்க இடம். தெலுக் என்பது மலாய் மொழியில் குடாவைக் குறிக்கும். பங்லிமா என்பது படைத்தலைவனைக் குறிக்கும். ஊரே ஒரு தலைவன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அருகிலுள்ள கேரித் தீவோ எட்வர்டு வாலண்டைன் கேரி என்னும் தோட்டத்துரையின் பெயரைத் தாங்குகின்றது. இவ்வட்டாரத்தில் தோட்டங்கள் இருந்தன, லயங்கள் இருந்தன, லயத்தை அடுத்துத் தமிழ்ப் பள்ளிகளும் எழுந்தன. தோட்டம் என்பது ஒரு தொழிலிடம் மட்டுமா? குடியிருப்பு, மருந்தகம், கோயில், பள்ளி ஆகிய யாவும் அதனுள் அடங்கியிருந்தன. ஆதலின் தோட்டம் கைமாறினால் தொழிலாளியின் வாழ்வு முழுவதும் கைமாறியது.

தோட்டத் துண்டாடல்

1950களில் அம்மாற்றம் விரைந்து வந்தது. நாடு விடுதலையை நெருங்கிக்கொண்டிருந்தது. செயற்கை ரப்பரின் போட்டியால் இயற்கை ரப்பரின் வருங்காலம் ஐயத்திற்கு உள்ளாயிற்று. ஐரோப்பியக் கம்பெனிகள் சில தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. முழுத் தோட்டத்தை வாங்கியவர் அதைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி விற்றால், மொத்த விலையைவிட மிகுந்த பணம் கிடைத்தது. இதனையே மலேசியத் தமிழர் ‘தோட்டத் துண்டாடல்’ என வழங்கினர்.

துண்டாடலின் கொடுமை கணக்கில் அடங்கியிருந்தது. 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள நிலமே ‘தோட்டம்’ எனக் கொள்ளப்பட்டது. அதற்குக் குறைந்தது சிறு தோட்டக்காரரின் நிலம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும். ஆயிரம் ஏக்கர்த் தோட்டம் இருபது துண்டுகளாகிவிட்டால் அங்கே நிருவாகம் ஏது? நிருவாகம் இல்லாத இடத்தில் லயத்தைப் பழுது பார்ப்பவர் யார்? ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை ஆராய்ந்து, 1962இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். அவ்வளவு விரிவான ஆராய்ச்சி வேண்டியிருந்தது என்பதே சிக்கலின் பெருமையை உணர்த்தும்.

இந்நிலையிலேதான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளரே கூடி வாங்கிவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். முன்னின்றவர் அந்நாளைய அமைச்சரும் ம.இ.கா. தலைவருமான வீ. தி. சம்பந்தன். அமைப்புப் பணியில் அவருக்குத் துணை நின்றவர் கே. ஆர். சோமசுந்தரம். சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்கும்படி தொழிலாளரை வேண்டினார்.

கூட்டுறவு மலாயாவுக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 1844இல் இருபத்தெட்டுப் பேர் தொடங்கிய கடையிலிருந்து அவ்வியக்கம் உலகெங்கும் பரவியது. மலாயாவில் 1922இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே அஞ்சல் தந்தி ஊழியரின் சிக்கன நாணயச் சங்கம் பதிவாயிற்று. ஆயினும் மாதச் சம்பளக்காரர் தமக்குள் கடன் கொடுத்து வாங்குவது ஒன்று. நாட்கூலி பெறுவோர் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை விலை பேசுவது வேறு. பலர் ஐயுற்றனர். அரசியல் எதிரிகள் வெளிப்படையாகவே குறை கூறினர்.

குடி, கொடை, வினை

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்துதெளிதல்’, அடுத்தது ‘தெரிந்துவினையாடல்’. ஆராய்ந்து ஒருவரை நம்புதல் முன்னது. நம்பியவரைத் தக்க வினையில் அமர்த்தல் பின்னது. அரசன் அமைச்சரைத் தேர்வதற்குச் சொல்லப்பட்ட இம்முறை, பங்குதாரர் தலைவரைத் தேர்வதற்கும் பொருந்தும். கூட்டுறவில் பங்கின் அளவு எதுவாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு. ஆகவே அங்கே உறுப்பினர் ஒவ்வொருவரும் அரசரே. அவ்வதிகாரம் பிறந்த குடியைப் பார்க்கச் சொல்கிறது. குணத்தையும் குற்றத்தையும் நாடி மிகுந்ததைக் கொள்ளச் சொல்கிறது. முடிவில், பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலையே உரைகல்லாக்குகிறது. சம்பந்தனை இம்மூன்றாலும் நோக்கலாம்.

முதலாவது குடி. சம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தையார் வீராசாமி 1896இல் மலாயாவுக்கு வந்து, உழைப்பால் உயர்ந்து, ரப்பர்த் தோட்ட உரிமையாளர் ஆனவர். மகன் கோலகங்சார் கிளிப்போர்டு பள்ளியில் ஆங்கிலம் கற்று, பின்னர்ச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். இப்பிறப்பைத் தொழிலாளி இருவகையாகக் கருதியிருக்கலாம். தோட்ட முதலாளியின் மகனுக்கு எம் துயரம் எப்படித் தெரியும் என்பது ஒருவகை. தோட்டத்தை நடத்தும் நெளிவு சுளிவு அறிந்தவர், தமிழில் எம்மோடு பேசுபவர் என்பது மற்றொருவகை. இரண்டும் உண்மையே. குடிப்பிறப்பு ஒருவரைப் பற்றிய கேள்வியை எழுப்புமேயன்றி அதற்கு விடை கூறாது.

இரண்டாவது கொடை. சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி எழுவதற்கு அவர் காரணராய் இருந்தார். 1954இல் விஜயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்துவைத்தார். தந்தை வழிச் சொத்தையும் அவர் பொதுப்பணியில் கரைத்தார். பொதுவாழ்வில் பொருள் சேர்ப்போர் பலரைக் கண்ட மக்கள், பொருளை இழந்த ஒருவரைக் கண்டபோது மனம் நெகிழ்ந்தது இயல்பே. கொடையாளி பிறர் பணத்தைக் களவாடமாட்டார் என நம்ப இடமுண்டு.

ஆயினும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. தம் பணத்தைக் கொடுப்பதற்கு வேண்டுவது ஈர நெஞ்சம். பிறர் பணத்தைக் காப்பதற்கு வேண்டுவது கணக்கறிவும், மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கும் உறுதியும், விலை பேசும் திறனும் ஆகும். தம் சொத்தை வாரி வழங்கிய வள்ளல் ஒருவர் சங்கத்தின் சொத்தையும் அவ்வாறே வழங்கிவிட்டால் உறுப்பினர் கதி என்ன? ஆகவே கொடை தலைவரின் நெஞ்சுக்குச் சான்றாகலாம், திறமைக்குச் சான்றாகாது.

மூன்றாவது வினை. இதுவே உரைகல். சங்கம் தோன்றிச் சில திங்களுக்குள் போதிய பணம் திரண்டு, கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் முதல் தோட்டமாக வாங்கப்பட்டது. அதுவரை தொழிலாளி கேட்டது வாக்குறுதி. அதன்பின் அவன் கண்டது நிலம். துரைமார் கம்பெனிக்கு உரியதாயிருந்த பால்மரங்கள் தன்னைப் போன்றோர் சேர்த்த காசால் வாங்கப்பட்டு நிற்பதைக் கண்டபின், அடுத்த தவணையைக் கேட்க நீண்ட சொற்பொழிவு தேவைப்படவில்லை. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் சம்பந்தன் மறைந்தபோது, சங்கத்திற்கு 18 தோட்டங்களும் 85,000 உறுப்பினரும் இருந்தனர்.

குணமும் குற்றமும்

மிகுந்ததைக் கொள்ள வேண்டுமானால் குறையையும் தட்டில் இட வேண்டும். சம்பந்தன் 1955 முதல் 1973 வரை ம.இ.கா. தலைவர், 1955 முதல் 1974 வரை தொழில், சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல் தந்தி, தேசிய ஒற்றுமை ஆகிய துறைகளின் அமைச்சர். கட்சித் தலைவரே சங்கத் தலைவராகவும் இருந்தால், சங்கத்தைக் குறை கூறுவது கட்சியைக் குறை கூறுவதாகிவிடாதா? உறுப்பினர் அச்சமின்றிக் கணக்குக் கேட்க முடியுமா? அந்நாளில் எதிர்ப்பாளர் எழுப்பிய ஐயத்தை வெறும் பொறாமை என்று தள்ளுதல் நேர்மையாகாது.

துண்டாடல் முழுவதும் தடுக்கப்படவில்லை என்பதையும் ஒப்ப வேண்டும். மேலும் 85,000 உறுப்பினர் அனைவரும் அந்த 18 தோட்டங்களில் வாழ்ந்தவர் அல்லர். தன் பத்து வெள்ளியால் வேறொரு மாநிலத்துத் தோட்டம் காப்பாற்றப்பட, தான் வாழ்ந்த தோட்டம் துண்டாடப்படுவதைப் பார்த்து நின்ற தொழிலாளியும் இருந்திருப்பான். அவனுக்குச் சங்கம் தந்தது பங்குச் சீட்டும், தன் இனத்தார்க்கு நிலம் உண்டு என்ற நிறைவுமே.

இவற்றையெல்லாம் எதிர்த்தட்டில் இட்ட பின்னும் வினையின் தட்டே தாழ்கிறது. நிலம் வாங்கப்பட்டது; அது விற்றுத் தீர்க்கப்படவில்லை; தலைவர் மறைந்த பின்னும் சங்கம் நின்றது. கோலாலம்பூரில் அதன் தலைமையகம் விஸ்மா துன் சம்பந்தன் என்று பெயர் பெற்றது. பிரிக்பீல்ட்ஸ் சாலையும் ஜாலான் துன் சம்பந்தன் ஆயிற்று. சாலைக்குப் பெயரிடுதல் அரசாணையால் ஆவது. தலைவர் போன பின்னும் நிறுவனம் நிலைப்பதோ அரசாணையால் ஆவதன்று.

மற்றொரு முயற்சி

இதனோடு ஒப்பிடத் தக்கது மைக்கா ஹோல்டிங்ஸ். 1980களின் தொடக்கத்தில், ச. சாமிவேலு ம.இ.கா.வுக்குத் தலைமை தாங்கிய காலத்தில், இந்தியரை வாணிபத்தில் உயர்த்தும் நோக்கோடு அக்கம்பெனி தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் முதலிட்டனர். நகை விற்றும் கடன் பட்டும் பங்கு வாங்கியவர் உண்டு. நோக்கத்தில் குறை இல்லை. மக்கள் ஆர்வத்திலும் குறை இல்லை. ஆனால் பங்குதாரர் எதிர்பார்த்த ஆதாயம் கிட்டவில்லை. போட்ட பணத்தைத் திரும்பப் பெறுவதே பெரும்பாடாயிற்று.

1960இல் தொழிலாளியிடம் சிறுதொகை கேட்கப்பட்டது. அதற்கு ஈடாக விரைவிலேயே ஒரு தோட்டம் காட்டப்பட்டது. அதைக் கண்டு அவன் மேலும் கொடுத்தான். மைக்காவிலோ பெருந்தொகை முதலிலேயே திரண்டுவிட்டது. செயலைப் பார்ப்பதற்கு முன்பே நம்பிக்கை முழுவதும் கொடுக்கப்பட்டுவிட்டது. கட்சியின் பெயரும் தலைமையின் செல்வாக்குமே பிணையாக நின்றன. தெரிந்த பின் தெளிவதற்கும் தெளிந்த பின் தெரிவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

2010இல் ஜி டீம் என்னும் நிறுவனம் பங்கொன்றுக்கு 80 காசு கொடுத்து மைக்காவின் பங்குகளை வாங்க முன்வந்தது. அதற்கு முன்னின்றவர் டான்ஸ்ரீ ஞானலிங்கம். அவர் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து தொலைவில் இல்லாத பூலாவ் இண்டாவில் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்தை வளர்த்தவர், 2023இல் மறைந்தார். 2013இல் அத்துறைமுகக் கம்பெனியின் பங்குகள் கோலாலம்பூர்ப் பங்குச் சந்தைக்கு வந்தபோது, முதலிடுவோர் பார்ப்பதற்கு ஒரு செயல் கண்முன் இருந்தது. கப்பல்கள் வந்து போயின. சரக்குப் பெட்டிகள் ஏறி இறங்கின. தலைவரின் பெயரோடு அவர் முடித்த வினையையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது.

வகுப்பறைக்குரிய பாடம்

‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், பழங்கால அரசரோடு பாடத்தை முடித்துவிட வேண்டியதில்லை. இன்று பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் நாளை கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராவர், பங்கு வாங்குவர், ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்குவர். அவர்கள் ஒரு தலைவரின் வரலாற்றைக் கேட்கட்டும், அது முறையே. அவர் கொடையைப் பாராட்டட்டும், அதுவும் நன்றே. அதன்பின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்து, சென்ற ஆண்டு என்ன சொன்னார், இந்த ஆண்டு என்ன முடித்தார், கடன் எவ்வளவு, இருப்பு எவ்வளவு, கணக்காய்வாளர் கூறுவது யாது என்று வரிவரியாகப் பார்க்கப் பழக வேண்டும்.

லயத்தில் வாழ்ந்தவர்களிற் பலர் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அறியாதவர். அவர்கள் பார்க்கத் தெரிந்திருந்தது ஒன்றே: சொன்ன தோட்டம் வாங்கப்பட்டதா என்பது. அந்த ஒரு கேள்வியால் 18 தோட்டங்கள் சேர்ந்தன. எழுதப் படிக்கக் கற்ற அவர்தம் பேரப்பிள்ளைகள் அதனினும் நுட்பமான கேள்விகளைக் கேட்க வேண்டும். கேட்கும் திறனை அவர்களுக்கு அளிப்பது தமிழ்ப்பள்ளியின் கடமை.